ஞாயிறு முடிந்தபின் விசுவாசம் எங்கே போகிறது?

சகோதரி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வேலைக்குப் போகிறீர்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். ஞாயிறு ஆராதனையில் மனம் உருகுகிறது, திங்கள் காலையில் அதன் சுவடே இல்லை. குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால் மூத்தவன் போனை எடுக்கிறான், கணவர் எழுந்து போய்விடுகிறார், கடைசியில் சண்டையில் முடிகிறது. சபையில் யாரைக் கேட்டாலும் "கர்த்தர் கிருபையில் நல்லா இருக்கோம்" என்கிறார்கள், அதனால் உங்கள் நிலைமையை வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. "அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?" என்பதுதான் உங்கள் கேள்வி. ஆனால் அதற்கு முந்தைய வரியில், "எனக்கு உண்மையிலேயே விசுவாசம் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் இறையியல் படித்துவிட்டுப் பல வருடங்களாகச் சபை ஊழியத்தில் இருப்பவன். பிரசங்க மேடையில் நின்றதைவிட வீடு சந்திப்பில்தான் எனக்கு அதிக நேரம் போயிருக்கிறது. உங்களுடைய கேள்வியை, வேறு வேறு வார்த்தைகளில், பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் போதகர் கிளம்பி வாசல்வரை வந்தபிறகுதான் அது வெளியே வரும். வேதம் தெளிவாகச் சொல்வது எது, அனுபவத்திலிருந்து நான் சொல்வது எது என்று பிரித்தே சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது.

விசுவாசமும் சந்தேகமும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது வேதம் தெளிவாகச் சொல்வது. மாற்கு 9-ல் நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்டான். முதலில் உன் சந்தேகத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். அதனால் திங்கட்கிழமை உணர்ச்சி வற்றிப்போவதை வைத்து விசுவாசம் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதாதீர்கள். ஆராதனையில் பாட்டு இருக்கிறது, சுற்றிலும் ஜனங்கள் இருக்கிறார்கள், ஓரிரண்டு மணி நேரம் யாரும் உங்களிடம் எதையும் கேட்பதில்லை. மனம் இளகுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த இளக்கம் நல்லதுதான், ஆனால் விசுவாசத்தின் அளவுகோல் அது இல்லை.

அடுத்தது தேவபக்தி எங்கே நடக்கிறது என்ற விஷயம். தனியறை, முழங்கால், திறந்த வேதபுத்தகம், ஒரு மணி நேர அமைதி என்ற படம் உங்கள் மனதில் இருக்கிறது. அது உங்கள் வீட்டில் நடப்பதில்லை, ஆகவே நமக்குத் தேவபக்தி இல்லை என்று முடிவு கட்டுகிறீர்கள். தனிஜெபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இயேசுவே அதிகாலையில் எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார். ஆனால் பவுல் 1 தீமோத்தேயு 5-ல் என்ன சொல்கிறார் பாருங்கள். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாய் விசாரித்து, பெற்றவர்களுக்குப் பதில் நன்மை செய்யக் கற்றுக்கொள்ளட்டும், அது தேவனுக்குப் பிரியமானது என்கிறார். அதாவது முதியவரைப் பராமரிப்பது தேவபக்திக்குக் குறுக்கே வரும் வேலை இல்லை, அதுவே தேவபக்தி. நீங்கள் உங்கள் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, வாயில் உணவு ஊட்டுகிற நேரத்தை "ஜெபத்துக்குக் கிடைக்காமல் போன நேரம்" என்ற கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு தவறு.

அந்த நேரத்தையே ஜெபமாக்கலாம் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் துறவியர் மடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் சொன்னார். அவர் குருவானவர் இல்லை. முன்பு போர்வீரராக இருந்தவர், கால் ஊனமானவர், சமையல் வேலை அவருக்கு இயல்பாகப் பிடித்ததும் இல்லை. சட்டிப் பானைச் சத்தத்துக்கு நடுவிலும் தேவனோடு பேசிக்கொண்டே இருக்கப் பழகினார். அவரை எடுத்துக்காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முதல் பத்து வருடங்கள் தான் மிகவும் தவித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அப்புறம், அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய அடுப்படி ஒரு மடத்தின் ஒழுங்குக்குள், மணி அடித்தால் ஜெபிக்கிற மனிதர்கள் நடுவில் இருந்தது. ஆகவே அவரைப் படித்துவிட்டு "என்னால் முடியவில்லையே" என்று இன்னொரு பாரத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கையில் வேலை இருக்கும்போதே ஒரு வரி பேசலாம், அதுவும் ஜெபமாக எண்ணப்படும்.

இப்போது குடும்ப ஜெபம். உங்கள் கடிதத்தில் அதிக வலி இருக்கும் இடம் இது. ஒரு குடும்பம் தினமும் இன்ன நேரத்தில் உட்கார்ந்து, ஒரு அதிகாரம் வாசித்து, எல்லோரும் வரிசையாக ஜெபிக்க வேண்டும் என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் கட்டளை இல்லை. அது நல்ல பழக்கம், பல குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது, ஆனால் பழக்கம்தான். அச்சு இயந்திரம் 15-ஆம் நூற்றாண்டில் வந்து பல தலைமுறைகள் கடந்தபிறகுதான் சாதாரண வீடுகளில் வேதபுத்தகம் என்பதே இருந்தது. அதுவரை விசுவாசிகள் கேட்டதையும் மனப்பாடம் செய்ததையும் வைத்தே வாழ்ந்தார்கள். உபாகமம் 6-ல் இருக்கிற கட்டளை வேறு மாதிரி: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் இந்த வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் பேசு. அதாவது நாளின் ஓட்டத்துக்குள்ளேயே பேச்சாக வரவேண்டும். பள்ளிக்கு வண்டியில் கூட்டிப்போகும்போது "இன்னைக்குப் பரீட்சைன்னு பயமா இருக்கா? நானும் உனக்காகக் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்று சொல்வது அந்தக் கட்டளைக்குள் வருகிறது.

சண்டையில் முடிகிற குடும்ப ஜெபம் உங்கள் வீட்டில்தான் முதலில் நடந்தது என்று நினைக்காதீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய் சூசன்னா வெஸ்லியின் வீட்டில், 1701-02 வாக்கில், கணவர் குடும்ப ஜெபத்தில் இங்கிலாந்து மன்னர் வில்லியமுக்காக ஜெபித்தபோது சூசன்னா ஆமென் சொல்லவில்லை. அந்த மன்னரை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கணவரோ ஒரு போதகர். அதற்காகவே கோபித்துக்கொண்டு, வீட்டைவிட்டுப் பல மாதம் பிரிந்திருந்தார். அவர்கள் மறுபடி சேர்ந்தபிறகு 1703-ல் பிறந்த குழந்தைதான் ஜான் வெஸ்லி. கடனும் சாவும் புகுந்த வீடு அது. சூசன்னா பெற்ற பத்தொன்பது பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அவர் செய்த ஒரு காரியத்தை 1712-ல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது. ஜானுக்கு வியாழக்கிழமை. ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் கற்பித்துக்கொண்டிருந்த நாட்களிலும், அந்த வியாழக்கிழமை மாலையை நினைவுபடுத்தி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். சூசன்னாவின் கண்டிப்பான வளர்ப்பு முறை முழுவதையும் இன்றைக்கு நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் இந்த ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். நான்கு பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்கிற முயற்சியைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு தனி நேரம் வைத்துப் பாருங்கள். கால் மணி நேரம் போதும். மூத்தவன் பதினான்கு வயதுப் பையன் என்கிறீர்கள். அவன் எல்லோர் முன்னாலும் ஜெபிக்கக் கூச்சப்படுவது இயல்பு. தனியாக இருக்கும்போது வாயைத் திறப்பான். அவன் பேசுவதில் பாதி பள்ளிக்கூடத்தைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் இருந்தால் நல்லது. உடனே ஒரு வசனத்தை எடுத்து ஒட்டவைக்க வேண்டாம்.

எல்லோரும் சேர்ந்து செய்வது எதுவும் வேண்டாமா என்றால், வேண்டும். மிகச் சிறியதாக இருக்கட்டும். மார்ட்டின் லூத்தர் 1529-ல் குடும்பங்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபத்துக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தார்: விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், விருப்பப்பட்டால் ஒரு குட்டி ஜெபம், அப்புறம் சந்தோஷமாக வேலைக்குப் போ. இரவுக்கு: ஜெபித்துவிட்டு உடனே நிம்மதியாகத் தூங்கு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். சாப்பிட உட்காரும்போது கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கணவர் வாயசைக்காமல் உட்கார்ந்திருந்தாலும் சரி. பிரசங்கம் வேண்டாம், முக்கியமாக ஜெபத்துக்குள் பிரசங்கம் வேண்டாம். "ஆண்டவரே, இந்தப் பையன் போனை விட்டுவிட உதவி செய்யும்" என்பது ஆண்டவரிடம் பேசுவது இல்லை, பையனைத் திட்டுவது. பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிடும்.

நான் போன ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஜெபம் ஆரம்பிக்கிற நேரம். தகப்பன் கண்ணை மூடவில்லை. பத்து வயது மகளைப் பார்த்து, "காலையில உன்மேல கத்தினேன். நீ ஒரு தப்பும் பண்ணல. ஆபீஸ் கோபம். என்னை மன்னிச்சுடும்மா" என்றார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் வாசித்த வேதபகுதி எனக்கு நினைவில் இல்லை. அந்தக் குழந்தைக்கும் இருக்காது. கர்த்தருடைய ஜெபத்தில் வரும் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரியை அவள் இனி எப்போது சொன்னாலும் அதற்கு அவளிடம் ஒரு அர்த்தம் இருக்கும். அன்றாட வாழ்க்கையில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, என் அனுபவத்தில் அது அதிகமாகக் கண்ணில் பட்டது இந்த மாதிரி இடங்களில்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற நீதிமொழியை யாரோ உங்களுக்கு நினைவூட்டியிருக்கிறார்கள், அது உங்களைக் குத்துகிறது. அது நீதிமொழி, பொதுவாக எப்படி நடக்கும் என்று சொல்லும் ஞான வாக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்தில், நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம் பண்ணினார்கள் என்று கர்த்தரே சொல்கிறார். அவருடைய வளர்ப்பில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் பையன் எப்படி வருவான் என்பதை என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. நீங்கள் செய்யவேண்டியது இருக்கிறது. அதன் முடிவு உங்கள் கையில் இல்லை.

கணவரைப் பற்றி நான் கொஞ்சம்தான் சொல்ல முடியும், அவர் தரப்பு எனக்குத் தெரியாது. அவர் எழுந்து போவது அவிசுவாசமா, களைப்பா, தான் குற்றம் சாட்டப்படுவதாக நினைக்கிறாரா, எதுவாகவும் இருக்கலாம். ஒரு நாள் ஜெப நேரத்தில் இல்லாமல் வேறு நேரத்தில், கோபமில்லாமல், அவரையே கேளுங்கள். 1 பேதுரு 3-ல், வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர்கள் போதனையில்லாமல் மனைவியின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தப்படலாம் என்று இருக்கிறது. வற்புறுத்த வேண்டியதில்லை என்ற ஆறுதலை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடி உதை இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிரு என்று அந்த வசனத்தை யாராவது திருப்பினால் அதை ஏற்க வேண்டாம். அப்படி ஒரு நிலைமை இருந்தால் பாதுகாப்புதான் முதல் காரியம். பவுலின் உடனூழியனான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. அவன் விசுவாசித்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும்தான் பவுலின் கடிதத்தில் பெயர் சொல்லப்படுகிறார்கள். இரண்டு பெண்களின் விசுவாசம் அந்த வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

பாட்டி என்றதும் உங்கள் மாமியாரிடம் வருகிறேன். அவரை நீங்கள் சுமையாக எழுதவில்லை, ஆனால் ஜெபத்தில் ஒரு பங்காளியாகவும் எழுதவில்லை. பேச்சும் நினைவும் குறைந்துபோன முதியவர்கள் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மெதுவாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் பெயர் மறந்தவர்களுக்கும் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கினால் அடுத்த வரிக்கு உதடு அசையும். உங்கள் மாமியாருக்குப் பேச்சு நன்றாகவே இருக்கிறது என்கிறீர்கள். இளையவளை இரவில் அவர் அறைக்கு அனுப்பி ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லுங்கள், பாட்டி அவள் தலையில் கைவைத்து ஜெபிக்கட்டும். அந்தப் பெண்ணுக்கும் நல்லது. ஒரு வேலையும் செய்ய முடியவில்லையே என்று படுத்திருக்கும் அந்த அம்மாவுக்கும், தன்னிடம் கேட்பதற்கு வீட்டில் ஒருவர் வருகிறார் என்றிருக்கும்.

இனி சபை. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதிலேயே முக்கியமானது இதுதான். நீங்கள் உற்சாகத்தைத் தனியாக உங்களுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். வேதத்தில் ஆறுதல் பெரும்பாலும் இன்னொரு மனிதர் மூலமாகவே வருகிறது. பவுலைவிட ஜெபிக்கத் தெரிந்தவர் யார்? அவரே 2 கொரிந்தியர் 7-ல், வெளியே போராட்டங்களும் உள்ளே பயங்களும் இருந்தன என்று ஒப்புக்கொண்டு, "சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்" என்று எழுதுகிறார். தேவன் ஆறுதல் செய்தார், எப்படி? நண்பன் கதவைத் தட்டினான். ஓரேப் மலைக்குப் போகும் வழியில் சாக வேண்டும் என்று படுத்துவிட்ட எலியாவுக்கும் இப்படித்தான். முதலில் தூக்கம், பிறகு தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடியும் தூக்கம், மறுபடியும் உணவு. தேவனுடைய மெல்லிய சத்தம் அதற்கு வெகு நாட்களுக்குப் பிறகுதான் கேட்டது. அந்த அதிகாரம் முடிவதற்குள் எலிசா என்ற துணையும் அவருக்குக் கிடைத்துவிடுகிறார். எபிரெயர் 10-ல் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற வசனத்தை வருகைப் பதிவேடு மாதிரி பயன்படுத்துகிறோம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வார்த்தைகள் ஒருவரையொருவர் கவனித்து, ஒருவருக்கொருவர் புத்திசொல்லி என்றிருக்கின்றன. கூடுவதே அதற்காகத்தான்.

முதல் நூற்றாண்டுச் சபைகள் வீடுகளில் கூடின. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டிலே கூடுகிற சபை என்று பவுல் வாழ்த்து அனுப்புகிறார். சிரியாவில் தூரா யூரோப்போஸ் என்ற இடத்தில் தோண்டியெடுத்த, ஏறக்குறைய கி.பி. 240-களைச் சேர்ந்த சபைக்கட்டடமும் ஒரு சாதாரண வீடுதான்; நடுச்சுவரை இடித்து இரண்டு அறைகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் ஒருவர் வாடிப்போயிருந்தால் மறைக்க முடியாது. இன்றைக்குப் பெரிய ஆராதனைக்கூடத்தில் "நல்லா இருக்கோம்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அதற்காகச் சபை நடுவில் எழுந்து நின்று வீட்டு விவகாரத்தைச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. அது வேண்டாம். ஒருவர் போதும். வாயடக்கம் உள்ளவர், உங்களைவிட வயதில் மூத்த பெண்ணாக இருந்தால் நல்லது, தன் வீட்டிலும் கஷ்டம் பார்த்தவர். அவரிடம் முழுக்கதையையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "அக்கா, இந்த வாரம் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை, எனக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் உடனே காரணம் கண்டுபிடித்து அறிவுரை சொல்ல ஆரம்பித்தால், அல்லது அடுத்த ஞாயிறு அது மூன்றாவது ஆளிடமிருந்து உங்கள் காதுக்கு வந்தால், அவர் சரியான ஆள் இல்லை; வேறொருவரைத் தேடுங்கள். யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். சபையில் "நல்லா இருக்கோம்" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் உங்களைப் போலவே இருக்கிறார்கள் என்பதை, அவர்கள் வீடுகளுக்குள் போய்வருகிறவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் போதகரிடமும் சொல்லுங்கள். சொன்னால் ஒழிய எங்களுக்குப் பல நேரம் தெரிவதில்லை.

கடைசியாக, வறட்சி வேறு, நோய் வேறு. சங்கீதம் 88 கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது, அதை அப்படியே உங்கள் ஜெபமாக வாசிக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் நாட்டமில்லாமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது நான் பதில் எழுதித் தீர்க்கிற காரியம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்; சாகும் எண்ணம் வந்தால் அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. நீங்கள் இரவு இரண்டு மணிக்கு எழுதியிருப்பதைப் பார்த்துக் கேட்கிறேன்: மாமியாரை இரவில் கவனிப்பது நீங்கள் ஒருவர் மட்டும்தானா? அப்படியானால் வாரத்தில் இரண்டு இரவாவது கணவரோ நாத்தனாரோ அந்த முறையை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். குடும்ப ஜெபத்தைப் பற்றிக் கணவரிடம் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசுங்கள்.